கையை உயர்த்தாத முப்பது பேர்: வகுப்பில் பிள்ளைகளைப் பேசவைக்க எந்த முறை எங்கே பொருந்தும்?

எட்டாம் வகுப்பில் நாற்பது பேர். பாடத்தை முடித்துவிட்டு “புரிஞ்சுதா மக்களே?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று ஒரே குரலாகப் பதில் வருகிறது. அந்தக் குரலுக்குள் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பது தேர்வுத் தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் பாடம் இரண்டு அலகு தாண்டிப் போயிருக்கும்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. பெயர்க்குச்சி, சிலேட்டு, பக்கத்து இருக்கைப் பேச்சு, கேள்விச் சீட்டு, வாட்ஸ்அப் குழு என்று ஐந்தை இங்கே ஒப்பிடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளும், தனியாக ஒரு பாடம் எடுக்கும் ஒரே ஆசிரியரும்தான் நம் கணக்கு. ஒன்றை மட்டும் தொடங்க முடியும் என்றால் சிலேட்டைத் தொடங்குங்கள். ஆனால் எல்லா வகுப்புக்கும் அது முதல் மருந்து ஆகாது. மௌனத்துக்குக் காரணம் ஊருக்கு ஊர் வேறு.

முதலில் மௌனத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் வகுப்பின் இருக்கை வரிசையைக் கட்டங்களாக வரைந்து, கட்டத்துக்கு ஒரு பெயர் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று பாடவேளைகளில், பாடம் தொடர்பாக ஒரு பிள்ளை உங்களிடம் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். எல்லோரும் சேர்ந்து கத்தியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் முன்வரிசையிலும் நடுவிலும் மட்டும் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். வெறுமையாக இருக்கும் கட்டங்கள் யாருடையவை என்பதுதான் இனி எடுக்கப்போகும் முடிவுக்கு அடிப்படை.

வெற்றுக்கட்டங்கள் கடைசி வரிசையிலும் சன்னலோரத்திலும் மட்டும் இருந்தால், காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி, வழக்கமான குரலில் “படம், பதம், பலம், பயம், பணம்” போன்ற பத்துச் சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தவறு எல்லோருக்கும் வரும். ஐந்துக்கு மேல் தவறினால் அந்தப் பிள்ளைக்கு உங்கள் மெய்யெழுத்துகள் போய்ச் சேரவில்லை. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கட்டடத்தில் மழை விழுந்தால் முன்வரிசைக்கே இந்த நிலைதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் பல பாடவேளைகள் இப்படிப் போய்விடுகின்றன. அங்கே வாய்ப்பேச்சை நம்பிய எந்த முறையும் தோற்கும். கண்ணால் பார்க்கும் முறை வேண்டும். மழையில்லாத நாளிலும் ஒரே பிள்ளை தவறிக்கொண்டே இருந்தால் முன்னால் இடம் மாற்றுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காதைக் காட்டச் சொல்லுங்கள்.

வெற்றுக்கட்டங்கள் வகுப்பெங்கும் சிதறிக் கிடந்தால் காரணம் மொழியாகவோ அச்சமாகவோ இருக்கும். மொழி என்றால் தமிழ் தெரியாது என்பதல்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நிலம் இது. வீட்டுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே இங்கே உள்ள இடைவெளி வேறு வகையானது. மேற்குப் பகுதியில் “குடிக்க வெள்ளம் தா” என்று வளர்ந்த பிள்ளை, புவியியல் பாடத்தில் “வெள்ளம் வந்தது” என்றால் முதலில் எதை நினைக்கும்? மரச்சீனி தின்று வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூலின் “மரவள்ளிக்கிழங்கு” முகம் தெரியாத ஆள். காற்றாலை “கறங்குது” என்று ஒருவன் சொன்னால் சிரிக்கும் வகுப்பில், அடுத்த முறை அவன் வாய் திறக்க மாட்டான். கறங்குதல் பழந்தமிழிலேயே இருக்கும் சொல். சிரிப்பை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் “கறங்குதல் = சுழலுதல்” என்று எழுதிவிட்டு மேலே போவதற்கு இருபது நொடி போதும். ஒவ்வொரு பாடத்தின் முதல் நாளும் பலகையின் வலது ஓரத்தில் இப்படி ஐந்து இணைகள் எழுதிவைப்பது, பின்னால் சொல்லப்போகும் எந்த முறைக்கும் முன்பாகவே பலன் தரும். வெளிமாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியருக்கு இந்தச் சொற்களைப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். கேட்டால் போதும்.

அச்சம் வேறு கதை. கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தவறான பதிலுக்கு ஒரு கேலிச்சொல் விழுந்தால் நாற்பது பேரும் அதைக் கேட்கிறார்கள். அந்த வகுப்பில் பெயர்க்குச்சியும் சிலேட்டும் வேலை செய்யா. அங்கே முதலில் மாற வேண்டியது பெரியவரின் பேச்சு.

பெயர்க்குச்சியும் காத்திருப்பும்

செலவில்லாத முறை இது. ஐஸ் குச்சி நாற்பதில் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி எடுத்துக் கேள்வி கேட்பது. கை உயர்த்தும் பத்துப் பேரை மட்டும் கேட்கும் பழக்கம் இதில் உடையும்.

ஆனால் பலர் இதில் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். குச்சியை எடுத்து, பெயரைப் படித்து, பிறகு கேள்வி கேட்கிறார்கள். பெயர் வந்த நொடியே மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஓய்வு. கேள்வி முதலில், பிறகு மௌனம், அதற்குப் பிறகுதான் குச்சி. எடுத்த குச்சியை வேறு டப்பாவில் போடுவதும் தவறு. ஒருமுறை பதில் சொன்னவன் அன்றைக்குக் கடமை தீர்ந்தது என்று சாய்ந்துகொள்வான். அதே டப்பாவில் போடுங்கள்.

இடையில் வரும் மௌனம்தான் இந்த முறையின் உயிர். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அது மூன்று நொடிக்கு மேல் நீண்ட இடங்களில் பதில்கள் நீளமாயின, தெரியாது என்பது குறைந்தது, பேசும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. மூன்று நொடி என்பது நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் ஒரு குறளின் ஏழு சீரையும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நான்கைந்து நொடி ஓடிவிடும். பிள்ளை பதில் சொன்ன பிறகும் உடனே “சரி”, “தப்பு” என்று சொல்லாமல் ஒருமுறை காத்திருங்கள். பாதிப் பதில் முழுமையாவது அப்போதுதான்.

“தெரியல சார்” என்றால் உட்காரவைத்துவிடக் கூடாது, நிற்கவைக்கவும் கூடாது. இன்னும் இருவரிடம் கேட்டுவிட்டு, அதே பிள்ளையிடம் திரும்பி வந்து “அவங்க ரெண்டு பேரு சொன்னதுல எது சரின்னு படுது?” என்று கேளுங்கள்.

குறை ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒருவரின் மனம்தான் தெரியும். ஒரு பாடவேளையில் எட்டுக் குச்சி எடுத்தால் மிச்சம் முப்பத்திரண்டு பேர் மறைவில்தான் இருக்கிறார்கள். அச்சம் மிகுந்த வகுப்பில் குச்சி ஒரு மிரட்டலாகவும் மாறும்.

சிலேட்டு

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, அத்தனையையும் ஆசிரியர் பத்து நொடியில் பார்க்க முடிவது சிலேட்டில்தான். இது புதிய எண்ணம் அல்ல. ஆசான் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிய பிள்ளையின் எழுத்து ஆசானின் கண்ணுக்கு நேரே கிடந்தது. 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், மணலில் எழுதும் இந்த மண்ணின் பழக்கத்தைப் பார்த்துத்தான் தன் பள்ளியிலும் அதைச் சேர்த்தார். பிறகு அது “மதராஸ் முறை” என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. நோட்டுப் புத்தகம் வந்தபின் எழுத்து பிள்ளையின் மடிக்குள் போய்விட்டது.

வேண்டியவை: சிலேட்டு 45 (ஐந்து உபரி), நான்காக உடைத்த சாக்பீஸ் 40 துண்டு, அதாவது பத்து முழுச் சாக்பீஸ், பழைய வேட்டியைக் கிழித்த துணி 40. கல் சிலேட்டு கீழே விழுந்தால் உடையும், தகரமோ அட்டையோ நல்லது. வெள்ளைத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மார்க்கரால் எழுதும் வழியும் உண்டு. ஆனால் மூடியைத் திறந்தே வைத்து மார்க்கரைக் காயவிடுவார்கள், உறையும் சில மாதத்தில் கீறி மங்கும். மழைக்காலத்தில் ஈரத்துணியால் துடைத்தால் சாக்பீஸ் பிடிக்காது. அப்போது உலர்துணி மட்டும் போதும். வரிசைக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து, சிலேட்டுகளைப் பெஞ்சு முனையில் அடுக்கிவைத்தால் விநியோகம் ஒரு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் ஏழு நிமிடம் போய், இரண்டாம் வாரமே இந்த முறையைக் கைவிடுவீர்கள்.

நடத்தும் விதம் இது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். முப்பது நொடி. எழுதி முடித்தவர் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் “காட்டு” என்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வர வேண்டும். நெஞ்சோடு அணைப்பது பக்கத்தில் பார்த்து எழுதுவதைத் தடுக்க. ஒரே நேரத்தில் தூக்குவது, மற்றவரின் பதிலைக் கண்டு மாற்றுவதைத் தடுக்க. பார்வையைக் கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள், முன்வரிசை எப்படியும் கண்ணில் படும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஒரு சொல், ஓர் எண், அல்லது அ, ஆ, இ என்ற தெரிவு மட்டும். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு தவறான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1/3 + 1/4 எவ்வளவு? அ) 2/7, ஆ) 7/12, இ) 1/12. ‘அ’ எழுதியவர் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறார். ‘இ’ எழுதியவர் பெருக்கியிருக்கிறார். இருவருக்கும் தேவையான விளக்கம் வேறு வேறு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. இப்படி ஒரு கேள்வி தயாரிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். ஒரு பாடவேளைக்கு இரண்டு போதும். அதற்கு மேல் போனால் பாடம் வினாடி வினாவாகிவிடும்.

எண்ணிக்கையை என்ன செய்வது? ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மாசூர் தன் இயற்பியல் வகுப்பில் வைத்திருந்த எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சரி என்றால் சிறு விளக்கத்தோடு மேலே போங்கள். முப்பதுக்குக் கீழ் என்றால் வேறு வழியில் மறுபடி நடத்துங்கள். இடைப்பட்டால் பிள்ளைகளையே ஒருவரோடொருவர் பேசவிடுங்கள். நாற்பது பேரில் அது 28க்கு மேல், 12க்குக் கீழ், 12 முதல் 28 வரை.

சிலேட்டால் முடியாதது விரிவான பதில். “ஏன்?” என்று கேட்கும் சமூக அறிவியலும் கவிதையும் இதில் அடங்கா. அவற்றுக்கு அடுத்த முறை வேண்டும்.

பக்கத்து இருக்கைப் பேச்சு

ஆசிரியரிடம் பேசத் தயங்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பவளிடம் பேசும், அதுவும் வீட்டுத் தமிழில். பாடநூல் சொல்லுக்குத் தாவ அது ஒரு படிக்கல். ஒருவர் ஒரு நிமிடம் பேச, மற்றவர் கேட்க, பிறகு மாற்றம். வகுப்புக்குச் சொல்லும்போது தன் பதிலைச் சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி இரண்டு காரியம் செய்கிறது: கேட்டே ஆக வேண்டும், தவறினால் வெட்கமும் இல்லை.

மூன்று பேர் பெஞ்சில் இது சொதப்பும். நடுவில் இருப்பவர் ஒருபக்கம் திரும்ப, ஓரத்தில் ஒருவர் தனியாக நிற்பார். ஓரத்தில் இருப்பவர்களை முன்பின்னாகச் சேருங்கள். நீண்ட கூடத்தைத் தட்டியால் பிரித்து இரண்டு வகுப்பு நடக்கும் பழைய பள்ளிகளில், இருபது குரல் ஒரே நேரத்தில் எழுந்தால் பக்கத்து வகுப்பு கெட்டுவிடும். அங்கே இதை வேப்பமரத்தடியிலோ விளையாட்டு நேரத்துக்கு முந்தைய பாடவேளையிலோ வைத்துக்கொள்ளலாம்.

கடலோரப் பள்ளிகளில் இந்த முறைக்குத் தனி வலு உண்டு. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து, அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியில் கடலில் இடம் கண்டுபிடிக்கும் அறிவு அப்பாவிடமோ தாத்தாவிடமோ இருக்கிறது. ஆயத்தொலைவுப் பாடத்துக்கு முன் அதை இருவர் இருவராகப் பேசவிட்டால், கட்டத்தாளில் புள்ளி வைப்பது அவர்களுக்கு அந்நியமாக இராது.

கேள்விச் சீட்டு

வகுப்பு முடியும் முன் ஐந்து நிமிடம், ஏ4 தாளின் கால் பகுதி. நாற்பது பேருக்குப் பத்துத் தாள். “புரியாததை எழுது” என்றால் முதல் வாரத்தில் பெரும்பாலானவை “எல்லாம் புரிந்தது” என்றே வரும். கேள்வியை மாற்றுங்கள்: “நாளைக்குத் தேர்வு என்றால் இந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி வரக்கூடாது என்று நினைப்பாய்?” உண்மை வெளியே வரும்.

படிக்கும்போது மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: பலருக்கு இருக்கும் குழப்பம், ஒருவருக்கு மட்டும் உள்ளது, பாடத்துக்கு வெளியே உள்ளது. நாற்பதையும் பிரிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை காலையில் பதில். பதில் தராமல் ஒரு வாரம் தவறினால் இந்த முறை செத்துவிடும், பிறகு வெற்றுத்தாள்தான் வரும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்காலத்தில் சீட்டு பறக்கும் என்பதால் கையில் வாங்காமல் துளையிட்ட டப்பாவில் போடச் செய்யுங்கள்.

மூன்றாம் அடுக்கில் சிலநேரம் பாரமான ஒன்று வரும். அரசுப் பள்ளிகளில் 2022இல் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இதற்கென்றே உள்ளது. ஆனால் பிள்ளை பெட்டி பார்த்து எழுதாது, நம்பியவரிடம் எழுதும். பாலியல் துன்பம் பற்றிய ஒரு வரி இருந்தாலும் அதை நீங்களே விசாரிக்காதீர்கள், வகுப்பில் பேசாதீர்கள். சீட்டைப் பத்திரப்படுத்தி, அன்றே தலைமையாசிரியருக்குச் சொல்லி, காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிக்காமல் விடுவது குற்றம். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

வாட்ஸ்அப் குழு

பலரும் முதலில் தொடங்குவது இதைத்தான். எங்கள் கணிப்பில் இது கடைசியில் வர வேண்டியது. தூத்தூர் முதல் நீரோடி வரையிலான கரையில் ஆழ்கடலுக்குப் போகும் அப்பா வாரக்கணக்கில் திரும்புவதில்லை. வீட்டில் ஒரே தொலைபேசி என்றால் அது அவரோடு போய்விடும். பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பக்கம் சிக்னலே சீராக இல்லை. குழுவில் வந்ததைப் பார்த்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் இடையே வகுப்பில் புது இடைவெளி உண்டாகும்.

பயன்படுத்தினால் அறிவிப்புக்கு மட்டும். குழுவாக அமைக்காமல் பிராட்காஸ்ட் பட்டியலாக வைத்தால் மாணவிகளின் வீட்டு எண்கள் எல்லோருக்கும் தெரியாது. ஆனால் பெற்றோர் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். மதிப்பெண் பட்டியலையும் பெயர் சொல்லிக் கண்டிப்பதையும் ஒருபோதும் போடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம் என்பதால் எல்லோரும் நீண்ட செய்தியை வாசித்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். அரை நிமிடக் குரல் பதிவு நன்றாகப் போய்ச் சேரும்.

பெற்றோரோடு பேச இதைவிட நல்ல நேரம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறந்த முதல் இரண்டு மாதமும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதி விசைப்படகுத் தொழிலாளர் பலர் கரையில் இருப்பார்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே பள்ளி திறந்ததுமே முந்திக்கொள்ள வேண்டும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்தால் வர மாட்டார்கள். பிற்பகல் மூன்று மணி சரி.

எதை எடுப்பது

கூரை சத்தமிடும் வகுப்பு, கணக்கு, அறிவியல் என்றால் சிலேட்டு. மொழிப்பாடமும் சமூக அறிவியலும் என்றால் பக்கத்து இருக்கைப் பேச்சு, அதன்பின் குச்சி. அச்சம் உறைந்த வகுப்பில் முதல் மாதம் கேள்விச் சீட்டு மட்டும், வாய்க்கேள்வி வேண்டாம். இரண்டை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒரு முறைக்கு ஆறு வாரம் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் தடுமாற்றமாகவே இருக்கும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

ஆறாம் வாரத்தில் இருக்கைத் தாளை மறுபடி வரைந்து, மூன்று பாடவேளை கோடு போடுங்கள். பழைய தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் மூன்று நான்கு கட்டம் வெறுமையாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைச் சத்துணவு நேரத்தில் தனியாகப் பாருங்கள். பாடத்தைப் பற்றி அல்லாமல் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பலகை எழுத்து தெரிகிறதா, எந்த இடத்தில் உட்கார்ந்தால் நல்லது என்று கேட்டு, சொன்னதைத் தாளின் பின்பக்கம் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்பை எடுப்பவருக்கு அந்தத் தாளைக் கொடுங்கள்.